செம்பாறைக்குடி கோபத்தை ஒப்படைத்த கதை

செம்பாறைக்குடி நகராட்சி தன்னுடைய குறைதீர் இணையதளத்தைத் திறந்துவைத்த ஆனி மாதத்தில், முதல் புகாரைப் பதிவுசெய்தவள் மீன் மார்க்கெட் குருசம்மாள். மார்க்கெட் கழிப்பறையைப் பூட்டிவிட்டுச் சாவியை எவனோ வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டான் என்று மூன்று தெருவுக்குக் கேட்கிற குரலில் அவள் சொல்லச் சொல்ல, இ-சேவை மையத்துப் பெண் அதைத் தட்டச்சு செய்து, கடைசியில் இருந்த பச்சைப் பொத்தானைக் குருசம்மாளின் விரலாலேயே அமுக்க வைத்தாள். விரலை எடுக்கும்போதே குருசம்மாளின் கோபம் போய்விட்டது. தணிந்தது என்று சொல்லக்கூடாது. தணிந்த கோபத்தில் சாம்பலுக்கடியில் கங்கு கிடக்கும். இது அடுப்போடு பெயர்த்து எடுத்துக்கொண்டு போனதுபோல் போனது. அவள் மார்க்கெட்டுக்குத் திரும்பி, பேரம் பேச வந்தவளிடம் "நீ சொல்லுத வெலைக்கே எடுத்துக்க தாயி" என்று சொன்னதும், பேரம் பேச வந்தவள் பயந்துபோய் மீனே வாங்காமல் வீட்டுக்கு ஓடினாள்.

சீக்கிரமே ஊருக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஆச்சரியப்பட ஒருவரும் மெனக்கெடவில்லை. பஸ் வந்தது, கரண்ட் வந்தது, செல்போன் வந்தது, இப்போது கோபத்தை வாங்கி வைத்துக்கொள்ள ஒன்று வந்திருக்கிறது, வந்ததைப் பயன்படுத்திக்கொள்வதுதானே புத்தி என்று பெண்டாட்டிகள் புருஷன்மாரைக் கையைப் பிடித்து இ-சேவை மையத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள், மாமியார்கள் தெருவிளக்கு எரியவில்லை என்ற புகாருக்குள் மருமகளையும் ஒரு வரி சேர்த்து அனுப்பினார்கள், பெண் பார்க்கப் போன வீடுகளில் ஜாதகத்துக்கு அடுத்தபடியாக "மாப்பிள்ளை பதிவு பண்ணியாச்சா?" என்ற கேள்வி வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது, போலீஸ் ஸ்டேஷனில் லத்திகளை வரிசையாகக் கட்டி யூனிபார்ம் காயப்போட்டார்கள், பேருந்து நிலையத்தில் தொழிற்சங்கத்து மாடசாமி மைக்கைப் பிடித்து "பொறுத்தது போதும்!" என்று முழங்கியபோது கூட்டம் மரியாதையாக "சரிங்க" என்றது, மறுநாள் மாடசாமியும் போய்ப் பதிவுசெய்துவிட்டு வந்து வாசலில் செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

ஆவணியில் முப்பிடாதி அம்மன் கோயில் கொடைத் திருவிழா வந்தது. நையாண்டி மேளம் ஏறி ஏறி உச்சிக்குப் போய், இதற்குமேல் அடித்தால் தோல் கிழியும் என்கிற இடத்தில் நின்றது, சாமியாடி கோலப்பன் கச்சையைக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருப்பவன்போல் நின்றான். அம்மன் வரவில்லை.

"ஏன்வே, அம்மா ஏன் எறங்க மாட்டேங்கா?" என்று தர்மகர்த்தா மேளக்காரரைக் கேட்டார்.

"எறங்கி நிக்க எடம் வேணும்லா? கோவமே இல்லாத ஒடம்புல அவ எங்க கால ஊனுவா?" என்றார் அவர், குச்சியைத் துடைத்துக்கொண்டே.

அதற்கும் ஊர் வழி கண்டுபிடித்துவிட்டது. போன வருஷத்துக் கொடையில் கோலப்பனுக்குச் சாமி வந்ததை யாரோ வீடியோ எடுத்து வைத்திருந்தார்கள். அதைப் பெரிய திரையில் ஓடவிட்டு, திரைக்குச் சூடம் காட்டி, விபூதி பூசிக்கொண்டு எல்லாரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்கள்.

இதையெல்லாம் வயிறு எரியப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான். அதற்கு என் வீரம் ஒன்றும் காரணமில்லை. ராட்டர்டாமில் ஒரு கப்பல் கம்பெனியின் கம்ப்யூட்டர் சர்வர்களுக்கு இருபது வருஷம் காவல் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். எனக்கு இங்கே ரேஷன் கார்டு கிடையாது. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று நானும் அந்தப் பக்கத்தில் எழுதினேன், ரேஷன் கார்டு எண் இல்லாமல் குறையை ஏற்க இயலாது என்று அது சிவப்பில் சொல்லிவிட்டது. ஆகவே ஊரின் கோபமெல்லாம் போன பிறகும் என்னுடையது என்னிடமே இருந்தது, துணைக்கு ஆளில்லாமல், நாளுக்கு நாள் தடித்துக்கொண்டு. தண்ணீர் வராத நாட்களில் ஜனங்கள் குடத்தைக் கீழே வைத்து, குழாயைப் பார்த்து, வருகிறேன் என்று சொன்ன விருந்தாளி வரமுடியாமல் போனதற்கு வருத்தப்படுவதுபோல் லேசாகத் தலையசைத்துவிட்டு நடந்தார்கள். "ஆறுமுகநயினார் அண்ணாச்சி, ஏன் இப்பிடி மொகத்த வச்சிருக்கீய? ஒரு கார்ட வாங்கிப் பதிவு பண்ணிருங்களேன்" என்று எனக்குப் புத்தி சொன்னார்கள்.

கோபம் ஊரில் ஒரு வேலை பார்த்துக்கொண்டிருந்தது என்பதை அது போன பிறகு நான் தெரிந்துகொண்டேன். குப்பை வண்டியைத் தெருவுக்குள் இழுத்துக்கொண்டு வந்தது அதுதான், மாத்திரை இல்லை என்ற ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரின் அலமாரியைத் திறக்க வைத்தது அதுதான், தார் ஊற்றாமல் ஜல்லியைக் கொட்டிவிட்டுப் போகிற காண்டிராக்டரை வழிமறித்து "எங்கவே போறீரு?" என்று கேட்டதும் அதுதான். கேட்பதற்கு ஒன்றும் இல்லாத ஊரில் பாதாளச் சாக்கடைக் குழிகள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. குழி கிடந்தால் ஒரு வேப்பங்கொப்பை ஒடித்து நட்டுவைப்பார்களே, அதைக்கூட ஒருவரும் செய்யவில்லை. கொப்பு ஒடிக்கக் கொஞ்சம் கோபம் வேண்டியிருக்கிறது.

ஐப்பசியில் மழை பிடித்த ஒரு காலையில், இட்லி மாவுப் பாக்கெட்டுகளைச் சைக்கிளில் தொங்கவிட்டுக்கொண்டு கடைகளுக்குக் கொடுக்கப் போன சுயம்புலிங்கம், சந்தைப்பேட்டைத் தெருவில் தண்ணீர் ஒரே மட்டமாக நின்றதால் தெரு எது குழி எது என்று தெரியாமல் சைக்கிளோடு உள்ளே போய்விட்டார். மாவுப் பாக்கெட்டுகள் மட்டும் மேலே வந்து மிதந்தன.

அவருடைய மனைவி செல்லக்கனி அன்றுவரை பதிவுசெய்யாதவள். அரிசி ஊறப்போட்டு, கிரைண்டரில் ஆட்டி, பாக்கெட் போட்டு, மகளைப் பள்ளிக்கு அனுப்புகிறவளுக்குக் கோபத்தை ஒப்படைக்கப் போக நேரம் கிடைக்கவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் பிணவறை வாசலில் காலை நீட்டி உட்கார்ந்தாள். உடலை வாங்கமாட்டேன் என்றாள்.

"குழியத் தொறந்து போட்டவன் இங்க வரணும். வந்து எம் புருசன் மொகத்தப் பாத்துச் சொல்லணும், நான்தான் தொறந்து போட்டேன்னு. அதுவரைக்கும் எங்கயும் கையெழுத்துப் போடமாட்டேன்."

சொந்தக்காரர்கள் சுற்றி நின்றார்கள். வேறொரு காலமாயிருந்தால் இந்நேரம் பஸ் மறியல் நடந்திருக்கும். அவர்களோ பதிவுசெய்தவர்கள், அவளுக்கு விசிறினார்கள், குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். மத்தியானம் நகராட்சிக் கமிஷனர் இளஞ்சேரனே கையில் ஒரு டேப்லெட்டோடு வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாமல் அவள் பக்கத்தில் குந்தினார்.

"அம்மா, நீங்க சொல்றது அத்தனையும் நியாயம். இதுல பதிவு பண்ணிடுங்க. பதிவானாதான் நடவடிக்கை எடுக்க முடியும்."

அவளுடைய புகாரை அவரே தட்டச்சு செய்தார். அவள் விரலைப் பிடித்து அவரே காட்டினார். அமுக்கினாள். அமுக்கியதும் எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு, காகிதத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "இம்புட்டு நேரம் நிக்கீயளே சார், காப்பி ஏதும் குடிச்சீயளா?" என்று கேட்டாள். நான் அங்கே இருந்தேன். ஆஸ்பத்திரிச் சுவரில் கையால் ஓங்கிக் குத்தினேன். எல்லாரும் என்னைத்தான் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

புகார்கள் போய்ச் சேர்ந்த சர்வர் பெட்டி, நகராட்சிக் கட்டிடத்தின் பின்புறம் ஒரு அறையில் இருந்தது. ஊரின் கோபம் அத்தனையும் அங்கே இருந்ததால் அந்த அறை கொதித்தது. கரண்ட் போனாலும் சூடு போகவில்லை. ஏ.சி. மெக்கானிக் வந்து கதவைத் தொட்டுப் பார்த்து, "இது நம்ம சமாச்சாரம் இல்ல" என்று கருவிப் பையைத் திறக்காமலே திரும்பிப் போனார். அலுவலகமும் அதோடு வாழப் பழகிவிட்டது: பியூன்கள் பெட்டியின் மேல் முட்டை அவித்தார்கள், கம்ப்யூட்டர் பார்க்கிற சங்கரவடிவு தாம்பாளத்தில் மோர் மிளகாய் பரப்பி, மழைக்காலத்திலும் மொறுமொறுவென்று காயவைத்து எல்லாப் பிரிவுக்கும் கொடுத்தாள். அவளும் பதிவுசெய்தவள்தான். அந்தக் கட்டிடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை என்று வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவளுக்கு இருந்த கோபமும் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது; மிளகாய் காய்ந்ததில் அதற்கும் பங்கு உண்டு.

பொதுமக்கள் எழுதுகிற பக்கம் நன்றாக வேலை செய்தது. அதிகாரிகள் உள்ளே போய்ப் படிக்கவேண்டிய நிர்வாகப் பக்கம்தான் ஆடியிலிருந்து திறக்கவில்லை. திறந்தால் வெள்ளைத் திரையில் 'சர்வர் பிழை 500' என்று வந்து நிற்கும். 'எனக்குள் ஏதோ தப்பு நடந்திருக்கிறது, என்னவென்று என்னைக் கேட்காதே' என்பதுதான் அந்த எண்ணுக்கு அர்த்தம். ஒரு அரசு அலுவலகத்தில் இவ்வளவு நேர்மையான பதிலை நான் கேட்டதில்லை. படிக்க யாருக்கும் ஆசை இல்லாததால் யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. செம்பாறைக்குடிக்குச் 'சாந்த நகரம்' விருது கொடுக்கலாமா என்று பார்க்கச் சென்னையிலிருந்து குழு வருகிறது, வருகிறவர்கள் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்வார்கள் என்று தெரிந்த பிறகுதான் கமிஷனர் எனக்கு ஆள் அனுப்பினார்.

"சார், ஃபாரின்ல நீங்க இதே வேலைதானே பார்த்தீங்க? சின்ன எரர்தான். பக்கம் திறந்தா போதும். திறந்ததும் எல்லாப் புகாரையும் மொத்தமா செலக்ட் பண்ணி 'தீர்க்கப்பட்டது'ன்னு போட்டுடுங்க."

"எது தீர்ந்துச்சு?"

"ஊரைப் பாருங்க சார். யாராவது கோபமா இருக்காங்களா?"

"நான் இருக்கேன்."

"நீங்கதான் பதிவு பண்ணலையே" என்றார் கனிவாக.

அந்த இணையதளம் கோபத்தை எடுத்துக்கொள்கிறது என்பதை அவர் நம்பவில்லை. மக்கள் திருப்தியாக இருக்கிறார்கள் என்று நம்பினார். இரண்டில் எது நம்பமுடியாதது என்று அவருக்கு யார் சொல்வது? எழுந்து போயிருப்பேன். ஆனால் நான் போனால் வேறொருவன் வந்து அமுக்கிவிட்டுப் போவான், அமுக்கினால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். பக்கம் பழுதாகும் முன்னால் ஒரே ஒரு புகாரைத் தீர்க்கப்பட்டதாக முடித்திருந்தார்கள். அது பள்ளிவாசல் தெரு சிதம்பரநாதன் கொடுத்தது. தப்பான வீட்டுக்கு வந்த புல்டோசர் அவருடைய சுற்றுச்சுவரை இடித்துவிட்டது என்ற புகார் அது. முடித்த அன்றே அவர் இடிந்த செங்கல் மேல் கால் வைத்து ஏறி இறங்கிக்கொண்டு, "சுவரா? இங்க எப்பவுமே சுவர் கெடையாதே" என்று சொல்ல ஆரம்பித்தார்.

நான் அந்த வேலையை எடுத்துக்கொண்ட செய்தி எனக்கு முன்னால் தெருவுக்கு வந்துவிட்டது. சாயங்காலம் செல்லக்கனி என் வீட்டு வாசலில் நின்றாள்.

"அண்ணாச்சி, நாளைக்கி அதச் சரி பண்ணப் போறீயளாமே. சங்கரவடிவு மாவு வாங்க வந்தா, சொன்னா."

"ஆமா. உட்காரு."

உட்காரவில்லை. சிரித்த முகமாகத்தான் பேசினாள். "எனக்கு அழுக வரல அண்ணாச்சி. சின்னப் புள்ளையில இருந்தே எனக்கு முன்னால கோவம் வரும், அது பின்னால அழுக வரும். முன்னால போறது இல்லாம பின்னால வாறது எப்பிடி வரும்? மக கேக்கா, 'ஏம்மா அழவே இல்ல, ஒனக்கு அப்பாவப் புடிக்காதா'ன்னு. நான் அவளப் பாத்துச் சிரிக்கேன்."

எனக்குப் பொறுக்கவில்லை. "அப்ப எதுக்குப் பொத்தான அமுக்குன?"

"அமுக்கச் சொன்னாக."

"சொன்னா அமுக்கிருவியா? கெணத்துல விழச் சொன்னா விழுந்துருவியா?"

"எங்க வீட்டுக்காரரு யாரும் சொல்லாமலே விழுந்தாக" என்றாள், அதே சிரிப்போடு.

நான் வாசலுக்கு இறங்கி அவள் எதிரில் நின்றேன்.

"தீந்து போச்சுன்னு போட்டுட்டா, சிதம்பரநாதன் சாருக்கு ஆன மாதிரி ஆயிருமா?" மாவு புளித்துவிடுமா என்று கேட்பதுபோல் கேட்டாள். "எனக்குப் புருசனே கெடையாதேன்னு எம் மக கிட்ட சொல்லிருவேனா?"

"சொல்லிருவ."

"அப்பம் போடாதீய. எம் மனுவ எங்கிட்டயே குடுத்துருங்க."

"திருப்பிக் குடுத்தா வலிக்கும், செல்லக்கனி. சும்மா இல்ல."

"வலிக்கும்னு தெரியும். எப்பிடி வலிக்கும்னு தெரியல. வயித்துக் கோளாறுக்காரனுக்குப் பசி இருக்காது, ஆனா மணி ஒண்ணாச்சுன்னா எலை முன்னால வந்து உக்காருவான்லா? அந்த மாதிரிதான் வந்து நிக்கேன்."

மறுநாள் காலை அந்த அறைக்குள் போனேன். "மொளகாத் தட்டத் தட்டி விட்டுராதீய அண்ணாச்சி" என்று சங்கரவடிவு தாம்பாளத்தை ஜன்னலோரம் நகர்த்தினாள். ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். எல்லா ஊர்ச் சர்வரிலும் முதலில் பார்ப்பதைப் பார்த்தேன்: கோப்புகளின் அனுமதிகள் சரியாக இருந்தன, பின்னால் சேர்த்த நிரல்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தேன், பிழை அசையவில்லை, நினைவகம் போதவில்லை என்று பெட்டி முனகியது, இரட்டிப்பாக்கினேன், அதையும் தின்றுவிட்டு ஏப்பம் விட்டது. பிறகு செல்லக்கனியின் மனுவை மட்டும் பிடித்துக்கொண்டு அது எங்கே போகிறது என்று பின்னாலேயே போனேன்.

யார் மேல் மனு கொடுக்கிறோமோ அவருக்கே அந்த மனுவை 'தக்க நடவடிக்கைக்காக' அனுப்பிவைப்பது நம் அலுவலகங்களின் தொன்றுதொட்ட வழக்கம். இணையதளத்தை எழுத வந்த மனிதர் ஒவ்வொரு பிரிவிலும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "உங்களிடம் மனு வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். அவர்களும் உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள். குழியைத் திறந்து போட்ட பொறியியல் பிரிவுக்கு மனு போனது. அவர்கள் சாக்கடை என்பதால் சுகாதாரப் பிரிவுக்கு அனுப்பினார்கள். சுகாதாரம், இழப்பீடு பற்றியது என்று வருவாய்ப் பிரிவுக்கு. வருவாய், தெருவின் அகலம் பற்றியது என்று நகரமைப்புக்கு. நகரமைப்பு, குழி என்பதால் பொறியியலுக்கு. நிலைக்கு வராத தேர்போல அந்த மனு சுற்றிக்கொண்டிருந்தது, ஒவ்வொரு சுற்றிலும் செல்லக்கனியின் புருஷனைக் கொன்றவன் மேஜை வழியாகவே போய்வந்துகொண்டு, அதன் பின்னால் ஊரின் மனு அத்தனையும் சுற்றிக்கொண்டு, சுற்றச் சுற்றச் சூடேறிக்கொண்டு. நிரல் எழுதியவர் ஒரு தவறும் செய்யவில்லை. அலுவலகத்தை அப்படியே எழுதியிருந்தார். சர்வரால்தான் தாங்க முடியவில்லை. மனிதர்கள் எத்தனை வருஷமாய்த் தாங்குகிறார்கள்!

சுற்று நிற்கவேண்டுமென்றால் ஓரிடத்தில் அது நிற்கவேண்டும். அதற்கு 'இறுதிப் பொறுப்பு' என்று ஒரு கட்டம் இருந்தது, காலியாக. அதில் ஒரு பெயர் வேண்டும். எழுந்து பெயர் கேட்கப் போனேன்.

"என் பேரா? நான் டெபுடேஷன்ல வந்தவன் சார், எப்ப வேணா போயிடுவேன்" என்றார் நகராட்சிப் பொறியாளர்.

"எனக்கு ஏப்ரல்ல ரிட்டயர்மென்ட். இந்த நேரத்துல ஏன் சார்?" என்றார் சுகாதார அலுவலர்.

வருவாய் ஆய்வாளர் பேனாவால் நகரமைப்புப் பிரிவைக் காட்டினார். நகரமைப்பில் ஆளில்லை. பதவி காலி, நாற்காலியின் முதுகில் ஒரு பூத்துவாலை மட்டும் கிடந்தது.

கமிஷனர் போனில் பேசிக்கொண்டிருந்தார். குழு டோல்கேட்டைத் தாண்டிவிட்டது.

"ஒரு பேர் வேணும்" என்றேன். "உங்க பேரைப் போடட்டுமா?"

அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "எதுக்கு சார் பேரு? என்ன புதுசா? இணைப்புத் தாள் இல்லாத மனுவை என்ன பண்ணுவோம்? மனுதாரருக்கே திருப்பிடுங்க."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான். திருப்பினா முடிஞ்சதுன்னுதானே கணக்கு?"

"எழுதிக் கொடுங்க."

பச்சை மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். என்ன எழுதினோம் என்று அவர் யோசிக்கவில்லை. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து எழுதி வருகிற வாக்கியம் அது; கை தானாக எழுதிவிட்டது. நான் அறைக்குத் திரும்பி, அந்தக் கட்டத்தில் 'மனுதாரர்' என்று போட்டுச் சேமித்தேன்.

நிர்வாகப் பக்கம் பூப்போலத் திறந்தது. ஒரு மனுவும் அதில் இல்லை.

முதலில் அறை குளிர்ந்தது. பிறகு ஜன்னல் வழியாகச் சூடான காற்று ஒன்று தாம்பாளத்து மிளகாயை வாரி இறைத்துவிட்டு வெளியே போனது. சங்கரவடிவு நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள். முகம் இரத்தமாய்ச் சிவந்திருந்தது. நேராகக் கமிஷனர் அறைக் கதவைத் தள்ளித் திறந்து, "சார், இந்தக் கட்டிடத்துல நான் எங்க சார் போறது? சொல்லுங்க, எங்க போறது?" என்று கேட்டாள். காற்று தெருவுக்குள் இறங்கி, அவரவர் கோபத்தை அவரவர் முகவரியில் கொடுத்துக்கொண்டே போனது. குருசம்மாளின் குரல் மூன்று தெருவைத் தாண்டி நாலாவது தெருவில் கேட்டது, மாடசாமி செம்பருத்திக்கு ஊற்றிய செம்பைத் தெருவில் எறிந்தார், காலிக் குடங்கள் குழாயடியில் பறை அடிப்பதுபோல் அடிபட்டன, மாதக்கணக்கில் கண்ணியமாக வாழ்ந்த தம்பதிகள் விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தார்கள், கோலப்பன் சலூனில் பாதி முகச் சவரத்தில் சாமி வந்து துண்டோடு எழுந்து ஓடினான், அவன் பின்னால் கத்தியோடு நாவிதர் ஓடினார்.

செல்லக்கனிக்கு அது வந்தபோது அவள் மாவை வழித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது என்று மாவுக்கு நின்றவர்கள் பிற்பாடு சொன்னார்கள். கிரைண்டர் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் மாவுக் கையோடு இறங்கி நடந்தாள். நான் சந்தைப்பேட்டைத் தெருவுக்கு ஓடியபோது அவள் குழிக்குள் இறங்கி நின்றாள். சாக்கடை மார்பளவு. விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். மாவு சேற்றோடு குழைந்திருந்தது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. அழுகைதான். ஆனால் அழுகை என்றால் நமக்கு நினைவுக்கு வருகிற எதுவும் அதில் இல்லை. மரத்தை வேரோடு இழுக்கும்போது மண் போடுகிற சத்தம் அது. அவள் மகள் பள்ளி யூனிபார்மில் விளிம்பில் மண்டியிட்டு அம்மாவின் தலைமுடியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். விட்டால் இவளும் போய்விடுவாள் என்பதுபோல.

தெரு அடைத்துவிட்டது. குழுவின் கார் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. குழுவை அழைத்துப்போக வந்த கமிஷனரும் பொறியாளரும் மற்றவர்களும் ஜீப்பை விட்டு இறங்கி, ஜனங்கள் விட்ட வழியில் வந்து குழியருகே நின்றார்கள். அவர்கள் வந்ததும் வழி மூடிக்கொண்டது.

"மேல வாங்கம்மா, ஆபத்து" என்றார் பொறியாளர்.

"இன்னைக்கித்தான் ஒனக்கு இது ஆபத்துன்னு தெரிஞ்சுதா?" என்றாள் செல்லக்கனி.

"என்னம்மா வேணும் உங்களுக்கு? சொல்லுங்க, ஏற்பாடு பண்றேன்" என்றார் கமிஷனர்.

செல்லக்கனி புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். "ஒரு பேரு. இதத் தொறந்து போட்டது யாருன்னு ஒரே ஒரு பேரு சொல்லு. சொன்னா ஏறிருதேன்."

கமிஷனர் பொறியாளரைப் பார்த்தார். பொறியாளர் சுகாதார அலுவலரைப் பார்த்தார். சுகாதார அலுவலர் வருவாய் ஆய்வாளரைப் பார்த்தார். வருவாய் ஆய்வாளர், அங்கே இல்லாத நகரமைப்பு அலுவலரைத் தேடித் திரும்பினார். அந்த இடத்தில் குருசம்மாள் மீன் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள். பார்வை வந்த வழியே திரும்பியது. ஒவ்வொருவர் முகமாகத் திரும்பி வந்து கடைசியில் கமிஷனரிடம் நின்றது. ஊர் முழுக்கச் சுற்றி நின்றது. ஒருவரும் அவரை அடிக்கவில்லை, திட்டவில்லை, கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தோம், எத்தனை நேரமானாலும் காத்திருப்பதற்கு எங்களிடம் இப்போது கோபம் இருந்தது.

கமிஷனர் இளஞ்சேரனின் உதடு அசைந்தது. என்னவோ சொன்னார்.

குழிக்குள்ளிருந்து செல்லக்கனி நிமிர்ந்தாள்.

"கேக்கல. சத்தமாச் சொல்லு."